பழுது என்ற அட்டை

என் மருமகளுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. எந்தக் கருவி எந்த அறையில் இருக்கிறது என்று விஞ்ஞானிகளுக்குத் தேடிக் கொடுப்பாள். பொதுக் கருவியை மாமனார் வீட்டுச் சீதனமாக நினைக்கும் ஆட்களோடு தினமும் மல்லுக்கட்டுவாள்.

அன்று ஒரு பெண் விஞ்ஞானி பதறி வந்தாள். மாலைக்குள் நுண்ணோக்கியில் பார்க்காவிட்டால், அவள் மூன்று மாதம் வளர்த்த செல்கள் வீண்.

மருமகள் அவளைக் கூட்டிக்கொண்டு பன்னிரண்டாம் அறைக்கு ஓடினாள். அங்கே பேராசிரியர் தன் வசம் வைத்திருந்த பொது நுண்ணோக்கியில் 'பழுது' என்று அட்டை தொங்கியது.

"ரிப்பேரும்மா, அப்புறம் வா" என்றார் அவர்.

மருமகள் உறையைத் தூக்கி, காய்ச்சல் பார்ப்பதுபோல் விளக்குப் பெட்டியில் கைவைத்தாள். சுட்டது.

"ரிப்பேரான மெஷின் சுடுமா சார்? வெட்கமா இல்ல?"

அட்டையைக் கிழித்துப்போட்டு, வாசலில் நின்ற விஞ்ஞானியைப் பார்த்துக் கத்தினாள்.

"செல்களைக் கொண்டாங்க மேடம்! சார் எழுந்து இடம் விடுவார்."