பதில் கடமைக்கு ஒரு கையெழுத்து

குணேஸ்வரி மிஸ் எந்த வாசலில் செருப்பைக் கழற்றினாலும் தெருவைப் பார்க்கத் திருப்பி வைப்பார். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன். வெளியே வரும்போது காலை நுழைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம்.

கப்பல்துறையில் பிறந்து, சாம்பல்தீவுப் பக்கம் மருத்துவமாதாக வந்தவர். கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார், பிறந்த பிள்ளைகளை நிறுப்பார். நான் கிளினிக்கைக் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணீர் வைக்கிறவள்.

நான்கு வருடத்துக்கு முன் பக்கத்துப் பிரிவு மருத்துவமாது கீர்த்தனி சம்பளமில்லா லீவில் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போனாள். அந்தப் பிரிவையும் ஆறு மாதத்துக்கென்று சொல்லி மிஸ்ஸின் தலையில் கட்டினார்கள். மாத அறிக்கையில் அந்தப் பிரிவுக்காரியின் பெயர் இல்லையென்றால் சுகாதாரக் கந்தோர் திருப்பி அனுப்பிவிடும். வேலையைச் செய்தது மிஸ். எழுதியது கீர்த்தனியின் பெயர்.

"கீர்த்தனி திரும்பி வரேக்க அவளின்ர இடம் இருக்கவேணும்" என்பார்.

இந்த வருடம் மிஸ்ஸின் முழங்கால் மடங்க மறுத்தது. ஒப்பரேஷனுக்கு ஓகஸ்ட்டில் திகதி கிடைத்தது. லீவுக் கடிதத்தில், அவருக்குப் பதில் கடமை பார்க்கப்போகும் பக்கத்துப் பிரிவுக்காரி கையெழுத்து வைக்கவேண்டும்.

அந்தக் கிழமைதான், பத்து வருடத்துக்கு எத்தனை தாதிமார், எத்தனை மருத்துவமாதர் தேவை என்று திட்டமிட மேலிடத்திலிருந்து பிரகலாதன் சேர் வந்தார். பனர் கட்டினார்கள். மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். காயம் கட்ட மாதத்துக்கு ஒரு கட்டு மட்டும் வருகிற கோஸ் துணியை இழுத்து விரலைத் துடைத்தார்.

"உங்கட பக்கம் வெற்றிடமே இல்லை, மிஸ். ரெண்டு பிரிவு, ரெண்டு பேர். கீர்த்தனியின்ர அறிக்கை உங்கடயை விட வடிவு."

"அதையும் நான்தான் எழுதுறனான், சேர். அவ கட்டாரில."

"அப்ப நாலு வருசமாப் பொய் எழுதினீங்களோ? இது என்ர காதில விழேல்லை."

"முழங்கால் ஏலாது, சேர்."

"ஓம், ஒப்பரேஷனுக்குப் போங்கோ. ஆர் மறிச்சது? கீர்த்தனியிட்ட ஒரு கையெழுத்து வாங்கித் தாங்கோ."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் ரோல்ஸ் தட்டோடு நின்றேன். அவர்கள் போனபின் அந்த எண்ணெய்த் துணியைக் கையால் தொடாமல் தும்புத்தடியால் தள்ளிக் குப்பையில் போட்டேன்.

பின்னேரம் மிஸ் கீர்த்தனிக்கு போன் எடுத்தார். அவள் சிரித்தது எனக்கும் கேட்டது.

"பேரை எழுதுறீங்கள்தானே அக்கா, கையெழுத்தையும் நீங்களே வையுங்கோவன்!"

மிஸ் போனை வைத்துவிட்டு லீவுக் கடிதத்தை எடுத்தார்.

"அறிக்கையில எழுதினது நான் நடந்து செய்த வேலை. இதில அவளின்ர கையெழுத்தை வைச்சா, முப்பத்தேழு கர்ப்பிணிகளுக்கு ஆளே இல்லாமல் ஆள் இருக்கெண்டு எழுதினதாப் போகும்."

கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். எனக்கு அவர்மீதும் கோபம் வந்தது.

அந்தத் திகதி போய் மூன்று மாதம். மிஸ் குனிய முடியாமல் செருப்பைக் கழற்றியபடியே விடுகிறார். கிளினிக் வாசலில் நான் திருப்பி வைக்கிறேன். இரண்டு பிரிவுக்கும் அவரே போய்வருகிறார். புதுத் திகதி கேட்கவில்லை.