ஏரித் தண்ணீரில் நனைந்த தகடுகள்

சர்வேயர் தேவசகாயம் இறந்த செய்தியை என் தாய்மாமா சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "நம்ம சர்வேயரு பூட்டாரு. மார்வலியாம்." அடுத்த மூச்சில், "அக்கா, கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். எனக்கு மாமாமேல் வெறுப்பு வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

நம் ஆரம்பாக்கம் படிப்பகத்துக்கு வருகிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். மாலையில் பதிவேடு எழுதும் எனக்கு, அவர் வந்தாலே எரிச்சல் வரும். புத்தகத்தை வாங்கியதும் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். தாள்களை எண்ணுவார். பிறகு ஒரு சீட்டு எழுதி நீட்டுவார்: "நாற்பதாம் பக்கத்தில் எண்ணெய்க் கறை. நான் எடுக்கும்போதே இருந்தது."

"சார், இது புக்கா, கப்பலா?" என்று பின்னால் நிற்பவர்கள் கேலி செய்வார்கள்.

"வாங்கறப்போ பாக்காதவன் குடுக்கறப்போ சண்டை போடுவான்யா" என்பார், சிரிக்காமல்.

சென்னைத் துறைமுகத்தில் கப்பல்களையும் சரக்குகளையும் சோதித்துச் சான்று தரும் நிறுவனத்தில் அவருக்கு வேலை. சரக்கறை மூடி பதியும் இரும்பு விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து, மூடித் திறப்பார். மூடியின் ரப்பரில் வெள்ளைக் கோடு அறுபடாமல் விழுந்திருந்தால் கடல்நீர் புகாது. ஒரு கப்பலில் விரலகலம் கோடு விழவில்லை. கிளம்பக் கூடாது என்று எழுதிவிட்டார். கப்பல் ஏஜெண்டு கத்தினாராம். "சரக்கு நனைஞ்சா இன்சூரன்ஸ் குடுக்கும். கப்பலே முழுகினா உள்ள கீறவனுக்கு நீ இன்னா குடுப்பே?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்ததாக ஒருநாள் சொன்னார்.

போன ஐப்பசியில் நடந்ததை நான் எழுத வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் மாமா சுமை தூக்கும் கம்பெனிக்குக் கப்பலில் இரும்புத் தகடுகள் வந்திருந்தன. தார்ப்பாய்கூடப் போடாமல் வெட்டவெளியில் அடுக்கிவிட்டார்கள். மழையில் எல்லாம் துருவேறியது. மழையில் கெட்டதற்கு இன்சூரன்ஸ் கிடையாது. கப்பலில் கடல்நீர் பட்டுக் கெட்டிருந்தால் உண்டு. ஆகவே மேலாளர் பழவேற்காடு ஏரியிலிருந்து பீப்பாய்களில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து தகடுகள்மேல் ஊற்றச் சொன்னார்.

ஊற்றியவர் என் மாமா. பள்ளி விடுமுறையாதலால் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் பார்த்தேன். பீப்பாயின் அடியில் செத்த இறால்கள் கிடந்தன. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. "அபிஷேகம் நடக்குது, கும்புட்டுக்கோ" என்று மாமா சிரித்தார்.

மறுநாளும் சாப்பாடு கொண்டுபோனேன். சர்வேயர் வந்திருந்தார். பழுப்புக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு மருந்தைத் துருவின்மேல் விட்டார். உப்பு இருந்தால் அது பால்போல் வெளுக்கும். வெளுத்தது.

"பாத்தீங்களா சார், கடல் தண்ணி" என்றார் மேலாளர்.

சர்வேயர் குனிந்தார். தகடுகளைக் கட்டியிருந்த பட்டையின் இடுக்கில் நகத்தை விட்டு, பச்சைப் பாசியையும் ஓர் இறால் குஞ்சையும் எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "ஏன்யா, உங்க கப்பலு ஏரிக்குள்ள பூந்தா வந்துது?" சுமைதூக்குபவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கட்டைப் பிரிக்கச் சொன்னார். உள்தகட்டிலும் துரு இருந்தது. அங்கே விட்ட சொட்டு வெளுக்கவில்லை.

"இது மேல யாருப்பா தண்ணி ஊத்தினது?" என்று மாமாவைக் கேட்டார்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? பத்து நாளா மழைதான் பேஞ்சிக்கினு இருந்துது!"

மழை என்று கேட்டதும் மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். சர்வேயர் என் பக்கம் திரும்பினார். நான் குனிந்து டிபன் கேரியரைப் பார்த்தேன். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம் பாப்பா" என்றார்.

மேலாளர் அவரைத் தனியே அழைத்தார். இரண்டடி தள்ளித்தான். "கப்பல்காரன் எந்த ஊரோ. மூடி ஒழுகுச்சுன்னு எழுதறதுல உங்களுக்கு இன்னா பேஜாரு?"

"ஒழுகாத கப்பலை ஒழுகுதுன்னு இன்னிக்கு எழுதினா, நாளைக்கு நெசமா ஒழுகறதை எழுதறப்போ எவன் நம்புவான்? முழுகிப் போவானுங்கய்யா."

பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினார். யார் ஊற்றியது என்று மட்டும் எழுதவில்லை. மேலாளர் அவருடைய நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினார். ஒரு மாதத்துக்குள் அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். புதிதாக வந்த சர்வேயர் ஒரு கட்டைக்கூடப் பிரிக்காமல், கடல்நீர்ச் சேதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நாஷ்டா சாப்பிடப் போனார். பொங்கலுக்கு மாமா கம்பெனி கொடுத்த புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் சம்பளத்தில் நடக்கும் வீட்டில்தான் நானும் சாப்பிடுகிறேன்.

வருகிற ஞாயிறு நம் படிப்பகத்தில் இரங்கல் கூட்டம். படத்தைத் திறந்துவைக்கப்போகிறவர், படிப்பகத்துக்கு நன்கொடை தரும் அதே மேலாளர். ரோஜா மாலைக்குச் சொல்லியாயிற்றாம். நம் கையெழுத்துப் பத்திரிகையில் நான் எழுத வேண்டியதையும் அவரே சொல்லி அனுப்பினார்: "விருப்ப ஓய்வு பெற்று அமைதியாக வாழ்ந்தார்." அம்மா கெஞ்சுகிறாள். "அப்பிடியே எழுதிடுடி. மாமாவுக்கு வேலை பூட்டா அவன் புள்ளைங்க இன்னா பண்ணும்?" அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்த வரியை எழுதப் போனபோது, சோற்றின் முன் வந்த அதே வெறுப்பு வந்தது. இந்த முறை அது என்மேல்தான். அன்று குனிந்து நின்றவள் நான்.

கண்ணால் கண்டதை எழுதி, கீழே தன் பெயரைப் போடுவார் சர்வேயர். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அதுதான். தேவசகாயம் சார் ஓய்வு பெறவில்லை, நீக்கப்பட்டார். கப்பலின் மூடி ஒழுகவில்லை. தகடுகள்மேல் ஏரித் தண்ணீரை ஊற்றியவர் என் தாய்மாமா. நான் பார்த்தேன்.

கோ. மங்கையர்க்கரசி,
பத்தாம் வகுப்பு.