தங்கபாய் டீச்சரின் கைச்சாணை பழைய இரும்பு அல்ல

தங்கபாய் டீச்சர் மின்சாரத்துக்குப் பயந்துதான் கையால் சுற்றும் சாணையைக் கடைசிவரை விடவில்லை என்று நம் குடியிருப்போர் சங்கத்தின் இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். தவறு. சங்கத்தின் பின்னறையில் இருக்கும் மின் சாணைக்கு வயர் இழுத்து ஸ்விட்ச் பொருத்தியவரே அவர்தான். பள்ளியில் ரசாயனம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவருக்குப் பயம் என்று ஒன்று இருந்ததாக நான் அறியேன்.

செய்தியை அவருடைய மருமகள் காலையில் போனில் சொன்னாள். "ஆன்ட்டி, அம்மை போயிட்டா. உறக்கத்திலேயே." டீச்சர் செய்து தந்த கத்தியால் அப்போது செம்பருத்திக் கொம்பு சீவிக்கொண்டிருந்தேன். ஈரத்தோடு வைத்தால் திட்டுவார். கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் மாடித் தோட்டக் குழுவுக்கு வேண்டிய, செடிகளை ஒட்டுக் கட்ட உதவும் ஒட்டுக் கத்தி, களைகொத்தி எல்லாம் அவர் செய்தவை. கத்தி செய்வதற்குப் பழவங்காடிப் பக்கத்துக் கடைகளில் தேய்ந்த அரங்களைப் பொறுக்கி வருவார். முரட்டு வேலையை மின் சாணையில் முடிப்பார். கூர் வைப்பது மட்டும் கைச்சாணையில். கத்தியின் முதுகில் வெறும் விரலை வைத்துக்கொள்வார். சுட்டால் உடனே தண்ணீரில் முக்குவார். "கை பொறுக்காத சூட்ட கூரும் பொறுக்காது" என்பார்.

நம் செயலாளர் ஒருமுறை அவசரப்பட்டு ஒரு ஒட்டுக் கத்தியை மின் சாணையிலேயே தீட்டிக்கொண்டு வந்தார். விளிம்பு முழுக்க நீலம் ஏறியிருந்தது.

"கண்டீங்களா டீச்சரே, மயில் கழுத்து நிறம்! என்ன பங்கி, என்ன அழகு!"

"பங்கி இல்ல சாரே, வெந்து போச்சு. இனி இத வச்சு வெண்ணெய் வெட்டலாம்."

செயலாளர் நம்பவில்லை. மாங்கன்றின் தண்டில் வைத்து அழுத்தினார், கூர் மடங்கியது. சக்கரத்தின் வேகத்தில் சூடேறி மெல்லிய இரும்பு உறுதியை இழந்துவிட்டது. அன்று அவரும் எங்களோடு சிரித்தார். ஆகவே மறந்திருக்க மாட்டார்.

என் கணவர் காலமானபோது எல்லோரும் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சடங்குகள் முடிந்த வாரம் தங்கபாய் டீச்சர் வாசலில் வந்து நின்றார். நானும் பள்ளியில் பாடம் நடத்தியவள், என்னையும் அவர் டீச்சர் என்றுதான் அழைப்பார்.

"அழுது முடிச்சாச்சுன்னா வாங்க டீச்சரே. சக்கரம் சுத்த ஆள் வேணும்."

"நான் அழவே இல்லை."

"அப்ப ரொம்ப சௌகரியம். செருப்பப் போடுங்க."

அன்றுமுதல் நான் சுற்றினேன், அவர் தீட்டினார். முதல் நாளே திட்டு கிடைத்தது. "என்ன இது, பேண்டு வாசிக்கியளா? ஒரே போல சுத்துங்க." என்னை அந்த மாதிரி அதட்ட ஊரில் வேறு யாருக்கும் துணிவில்லை. கணவரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானாகவே பேசினேன், சக்கரத்தின் இரைச்சலில் அது எளிதாக இருந்தது. அவர் பாதி கேட்டிருப்பார். எனக்கு அது போதும்.

இப்போது நிர்வாகக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. கைச்சாணையைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அதே இடத்தில் பெரிய மின் சாணை ஒன்றை அவர் பெயர் பொறித்து வைப்பார்களாம். மின் சாணை வாங்குங்கள்; அவரே வேண்டாம் என்றிருக்க மாட்டார். ஆனால் நீலம் பாய்ந்த கத்திகளுக்கு மேலே அவர் பெயர் தொங்குவதை நான் அனுமதிக்க மாட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கைப்பிடியைச் சீராகச் சுற்றத் தெரிந்த இந்த வலது கை. அதற்கு வயதாகிவிட்டது, வேலை இருக்கிறது. தீட்ட வேறொருவர் வரட்டும், நான் சுற்றுகிறேன்.

கைச்சாணை இருந்த இடத்திலேயே இருக்குமா, இராதா என்பதைச் செயலாளர் எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். படிக்கட்டில் பார்த்தபோது அவர் வாய்வார்த்தையாகச் சொன்னதைப் பதிலாக ஏற்க மாட்டேன்.