பதினோராவது படி வரை

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் ஒரு மனநல ஆலோசனை நிலையம். அங்கே வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் சிலிண்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கு முன் பத்தொன்பது வருடம் கேஸ் ஏஜென்சியில் போன் எடுத்தவர். எவ்வளவு கொதித்துப்போய்க் கூப்பிட்டாலும் நாற்பது நொடியில் ஆளைக் குளிர வைத்து அனுப்பிவிடுவார். “அண்ணி ‘சொல்லுங்க’ன்னு சொன்னாலே பாதிச் சமையல் ஆயிடும்” என்று கணவரின் தம்பி கிண்டல் செய்வார்.

நிலையத்திலும் அதே கைவரிசையைத்தான் காட்டினார். மனச்சோர்வுக்காக வருகிறவர்களில் பாதிப்பேர் மூன்றாவது நான்காவது வாரத்தோடு காணாமல் போவார்கள். அவர்களுக்கென்று ஒதுக்கிய நேரம் காலியாகக் கிடக்க, காத்திருப்பவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். தொடர்ந்து மூன்று வாரம் வராவிட்டால் போனில் காரணம் கேட்டு, கடிதம் எழுதி, கோப்பை மூடி, அந்த நேரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அக்கா போன் செய்வார். “வணக்கம், நிலையத்துலேர்ந்து பேசறேன். நல்லா இருக்கீங்களா?”

மறுமுனையிலிருந்து பதில் வரும். “நல்லா இருக்கேங்க.”

“ரொம்ப சந்தோஷம்!” பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் ‘நலம்’ என்று எழுதிவிடுவார். இரண்டு வருடமாக அந்தக் கட்டம் முழுக்க நலம்தான்.

ஆலோசகர் முப்பது வயதைத் தாண்டிய பெண். ஒருநாள் அந்தப் பதிவேட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். “ஏன்க்கா, எல்லாரும் மூணே வாரத்துல குணமாயிடறாங்களா? அப்ப எனக்கு ஊர்ல யாராவது சிலை வைக்கணுமே!”

“அவங்க வாயாலதான் மேடம் சொல்றாங்க.”

தெருவில் எதிரே வருகிறவரைக் கேட்கிற கேள்வியை நோயாளியிடம் கேட்டால், தெருவில் கிடைக்கிற பதில்தான் கிடைக்கும். அது அக்காவுக்கு அதுவரை உறைக்கவில்லை.

புதன்கிழமை நான்கு மணி, டைல்ஸ் போடுகிற ஒருவருடைய நேரம். நாற்பது வயதிருக்கும். மூன்று வாரம் வந்தார், பிறகு மூன்று வாரம் வரவில்லை. போனில் அவரும் நல்லா இருக்கேன் என்றார். நான்காவது புதன், மணி நான்கைத் தாண்டி இருபது நிமிடம். அவருக்கான கடிதத்தை எதிர்ப்புறத் தபால் பெட்டியில் போட அக்கா கீழே இறங்கினார்.

பாதி வழியில், படியிலேயே அவர் உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை, ஈரம் காயாத தலை. நகக்கண்ணில் மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் போகாத சிமெண்ட்.

“தம்பி! மேல வராம இங்க என்ன பண்றீங்க?”

அவர் பதறி எழுந்தார். “ஒண்ணுமில்லக்கா. இதோ கிளம்பிட்டேன்.”

“போன்ல நல்லா இருக்கேன்னு சொன்னீங்களே?”

“நீங்க அப்படிக் கேட்டா வேற என்னக்கா சொல்றது?”

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் மெல்ல உட்கார்ந்தார்.

“எல்லாப் புதன்கிழமையும் வந்தேன்க்கா. முதல் வாரம் பஸ் ஸ்டாப் வரைக்கும். அடுத்த வாரம் கீழ கேட் வரைக்கும். போன வாரம் நாலு படி. இன்னிக்கு இது பதினொண்ணு.”

“மேடம் ஏதாவது மனசு நோகப் பேசிட்டாங்களா?”

“ஐயோ, அவங்க தங்கமானவங்க. அதான்க்கா கஷ்டம். வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லாததை எல்லாம் சொன்னேன், அவ்வளவு பொறுமையாக் கேட்டாங்க. நான் இம்மிகூட நகரல. நான் போட்ட தரை மூணே வாரத்துல பெயர்ந்து வந்தா எனக்கு எப்படி இருக்கும்? அவங்களுக்கும் அப்படித்தானே? எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போய் உட்கார்றது?”

“வீட்லேர்ந்து எப்ப கிளம்பினீங்க?”

“குளிக்கலாம்னு காலையில ஒன்பது மணிக்கு நினைச்சேன். குளிச்சு முடிச்சப்ப ரெண்டு. சட்டையைத் தேய்க்கறப்ப நடுவுல ரெண்டு தடவை உட்கார்ந்துட்டேன்.” குறைபட்டுக்கொள்ளும் குரல் இல்லை. சாந்து கலக்கும் அளவைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அக்கா படிகளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நாளைக்கு மூன்று முறை தான் நினைக்காமலே ஏறி இறங்குகிற படிகள் இவை. மலை உச்சியில் கொடி நடுகிறவர்களைப் பத்திரிகையில் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறார். அவர்களுக்காவது ஏறவேண்டும் என்ற ஆசை துணைக்கு இருந்தது. இந்த மனிதருக்கு ஆசை இல்லை, தேறுவோம் என்ற நம்பிக்கை இல்லை. எந்த நோய்க்காக வர வேண்டுமோ அந்த நோயே காலைப் பிடித்து இழுக்கிறது. அப்படியும் ஒவ்வொரு வாரமும் முந்தின வாரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் வந்திருக்கிறார். தன் வாழ்நாளில் இவ்வளவு கடினமான ஒரு காரியத்தைத் தான் செய்ததில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. அதற்கு அக்கா பதிவேட்டில் போட்ட பெயர் ‘வரவில்லை’.

கடிதத்தைக் காட்டினார். “உங்க நேரத்தை வேற ஆளுக்குக் கொடுக்கறோம்னு எழுதியிருக்கேன். இன்னும் தபால்ல போடல.”

“போட்டுடுங்கக்கா. பிரயோஜனப்படறவங்க யாராவது வரட்டும்.”

“பிரயோஜனப்படலன்னா அதை மேல போய் அவங்ககிட்டயே சொல்லுங்க. இன்னும் கால் மணி நேரம் இருக்கு. உங்களுக்காகத்தான் சும்மா உட்கார்ந்திருக்காங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நல்லாகலன்னு சொல்லலாமா?”

“அதைச் சொல்லத்தானே அந்த ரூமே இருக்கு!”

நல்லாகவில்லை என்றும் அங்கே சொல்லலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் கைப்பிடியைப் பற்றி எழுந்தார். அக்கா இரண்டு படி பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு படிக்கும் அந்த முதுகு யோசித்தது. கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து, “வாங்க, வாங்க” என்ற குரல் கேட்டது. கதவு மூடிக்கொண்டது.

அடுத்த வாரமே அவர் மறுபடி கீழே கேட் வரைதான் வந்து நின்றார். அக்கா இறங்கிப்போய்க் கூட நின்றார். கோப்பு மூடப்படவில்லை.

போனில் அக்கா கேட்கிற கேள்வியும் அதற்குப்பின் மாறிவிட்டது. “இன்னிக்கு எதுவரைக்கும் முடிஞ்சுது?” வங்கிக் காசாளர் ஒருவர் சோப்பைக் கையில் எடுத்தேன் என்றார். தாழ்ப்பாள் வரை போனேன் என்றார் இன்னொருவர். ஒருநாள், கல்லூரியில் கணக்கு நடத்தும் ஒரு பெண் சொன்னாள்: “ஒரு கால்ல செருப்பு போட்டிருக்கேங்க.”

“அடேயப்பா!” என்றார் அக்கா. மனதார வந்த சொல் அது. “அப்படியே இருங்கம்மா. அவசரமே இல்ல. நான் லைன்லயே இருக்கேன்.”