மச்சாளும் நானும் செய்த புத்தகம்

வகுப்பில் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு படப்புத்தகம் செய்யச் சொன்னார்கள். ஒருவர் எழுத வேண்டும், மற்றவர் வரைய வேண்டும். அந்த வருடம்தான் என் மச்சாள், மாமாவின் மகள், வன்னியிலிருந்து நோர்வேயில் ஸ்டோவ்னரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, என் வகுப்பிலேயே சேர்ந்திருந்தாள். அவளுக்கு நோர்வேஜிய மொழி இன்னும் வரவில்லை. பென்சில் நன்றாக வந்தது. நான் கவிஞர் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்ததால், ஓவியர் அவள்தான்.

நான் பனியைப் பற்றி எழுதினேன். அவள் எதிர்ப்பக்கத்தில் பட்டுச்சேலையில் தைத்த மூட்டைகளை மதில்போல அடுக்கி வரைந்தாள். சரிகைக்கரைகூடப் போட்டிருந்தாள். நான் முயலைப் பற்றி எழுதினேன். அவள் ஒரு கதவைக் கட்டிய சைக்கிளை வரைந்தாள்.

படமும் கவிதையும் பொருந்தவில்லை, திரும்ப வரையுங்கள் என்றார் ஆசிரியை. மச்சாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் இனிப் படம் கீறேல்லை."

எனக்கு வந்த பிடிவாதத்துக்கு அளவில்லை. சனிக்கிழமை நூலகத்துக்குப் போய், கவிதைக்குப் பொருந்தாத படங்கள் உள்ள புத்தகம் வேண்டும் என்று கேட்டேன். நூலகர் சிரிக்கவில்லை. பாரிஸில் சர்ரியலிசக் கவிஞர்களும் ஓவியர்களும் சேர்ந்து செய்த புத்தகம் என்று ஒன்றை எடுத்துத் தந்தார். கனவை நம்பியவர்களாம். ஒரு பக்கத்தில் கவிதை. எதிர்ப்பக்கத்தில் அதைச் சட்டை செய்யாத படம். அந்தப் பாரத்தைப் பள்ளிக்குச் சுமந்துபோய் ஆசிரியையின் மேசையில் போட்டேன்.

"இவர்கள் பெரிய ஆட்கள். இவர்களுக்கும் பொருந்தவில்லை."

அவர் வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினார். பிறகு, அப்படியே இருக்கட்டும் என்றார்.

வெற்றிச் செய்தியோடு மச்சாளிடம் ஓடினேன்.

"நீயும் சர்ரியலிஸ்ட்தான். கனவைக் கீறுறாய்."

"கனவில்லை."

"அவையளும் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்று பென்சிலை அவள் கையில் திணித்தேன். மிச்சப் படங்களையும் வரைந்து முடித்தாள்.

பெற்றோர் வரும் மாலையில் எங்கள் புத்தகத்தையும் மேசையில் வைத்திருந்தார்கள். அம்மா முதல் பக்கத்தை விரித்தவர், பட்டு மூட்டைகளிலேயே நின்றுவிட்டார். சரிகைக்கரையில் விரலை வைத்து மச்சாளைப் பார்த்தார்.

"இது கொம்மாவின்ரை கலியாணக் கூறைச்சீலையெல்லோ?"

"ஓம் மாமி. குண்டு விழேக்கை பங்கரைச் சுத்தி மண் மூட்டை அடுக்கச் சாக்கு காணேல்லை. எல்லாரும் சீலையிலைதான் தைச்சவை."

அம்மா அங்கிருந்த சின்னக் கதிரையில் உட்கார்ந்து, அவளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

பங்கர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. இவ்வளவு நேரமாகியும் என் பனிக்கவிதையில் ஒரு வரியைக்கூட அம்மா வாசிக்கவில்லையே என்றுதான் எனக்குக் கோபம்.