பேய் வராத பேய்க்கதை

முதல் பேய்க்கதையை எழுதியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அதுவரைக்கும் நான் எழுதியதெல்லாம் கணக்குத்தான். ஒரு குழாய் தொட்டியை நிரப்பும், இன்னொரு குழாய் தண்ணீரை வெளியே விடும், தொட்டி எப்போது நிரம்பும் என்று இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளின் உயிரை வாங்கியவள் நான். இப்போது கூட்டங்களுக்கு அழைத்து, முன் கதிரையில் இருத்தி, "உங்களுக்கு இந்தப் பேயெல்லாம் எங்கேயிருந்து வருகிறது?" என்று கேட்கிறார்கள். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் அவர்களால் நிம்மதியாகத் தேநீர் குடிக்க முடியாது.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையால் தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து இணுவிலுக்கு வந்தோம். என் கணவரின் தூரத்து உறவினர் ஒருவர் தம் வீட்டில் இரண்டு அறை ஒதுக்கித் தந்தார். கணவர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் எழுதுவினைஞராக இருந்தவர். தொழிற்சாலை நின்றதோடு அவருடைய வேலையும் நின்றது. நான் ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். எங்களுக்கு ஒரே ஒரு மகன். தொண்ணூற்றிரண்டில் அவனுக்கு இருபத்துநாலு வயது. வெளிநாட்டிலிருந்த சித்தப்பா கூப்பிட்டதால் கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்புக்குப் புறப்பட்டான். தரைப்பாதை மூடிக்கிடந்ததால் அப்போது கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்துதான் போகவேண்டும். ஒரு மத்தியானம் சோறு தின்றுவிட்டு, "போட்டு வாறன் அம்மா" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

அன்று போன படகுகளில் ஒன்று மட்டும் அக்கரைக்குப் போய்ச் சேரவில்லை. அவன் ஏறியது அந்தப் படகில். சூட்டுச் சத்தம் கேட்டதாக மற்றப் படகில் போனவர்கள் சொன்னார்கள். உடல் எதுவும் வரவில்லை, கண்டதாகச் சொல்லவும் ஒருவர் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் எட்டுச்செலவு என்றொரு சடங்கு உண்டு. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, அறைக்குள் வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போம். அவர் வந்து சாப்பிட்டுப் போவார் என்பது நம்பிக்கை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவைத் திறப்போம். சொந்தக்காரர்கள் மெல்லப் பேச்செடுத்தபோது என் கணவர் பாய்ந்து விழுந்தார். "உயிரோடை இருக்கிறவனுக்கு ஆர் எட்டுச் செய்யிறது? வேற வேலை இல்லையே உங்களுக்கு?" நானும் அவர் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நிவாரண அட்டைக்கு ஆள் எண்ணிக்கை கேட்டு விதானையார் வரும்போதெல்லாம் அவர் முந்திக்கொண்டு, "மூண்டு பேர்" என்பார். அதற்கும் தலையாட்டினேன்.

கதை சொல்லத் தொடங்கியது பங்கருக்குள்தான். குண்டு போடப் பொம்மர் விமானம் வந்தால் அந்த வளவிலிருந்த பெண்களெல்லாம் ஒரு குழிக்குள் இறங்குவோம். மகன் போய்ச் சில மாதம் கழித்து ஒருநாள் காலையில் வீட்டுக்காரரின் மகள் பயத்தில் கத்தத் தொடங்கினாள். யார் என்ன சொல்லியும் அடங்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயை மூடு, ஒரு கதை சொல்லிறன்" என்று அதட்டிவிட்டு, கிணற்றடியில் தலை இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி வாயில் வந்ததைச் சொன்னேன். சீப்பு போய்க்கொண்டே இருக்கிறது, தலைமயிர் முடியவே இல்லை. பொம்மர் போன பிறகும் ஒருத்தியும் மேலே ஏறவில்லை. "பிறகு என்ன நடந்தது ரீச்சர்?" என்று என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

அதைக் கொப்பியில் எழுதிவைத்தேன். இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர் இருந்தார். தாள் கிடைக்காத அந்தக் காலத்தில் கோடு போட்ட கொப்பித்தாளிலேயே பத்திரிகை அடித்தவர். கதையை வாங்கிப் போட்டார், இன்னும் கேட்டார். சனத்துக்கு இருக்கிற பயம் போதாதா என்று நினைத்தேன். போதவில்லை. இல்லை, அப்படிச் சொல்வது பிழை, அது வேறு பயம். குண்டு எப்போது விழும், எங்கே விழும் என்று எவருக்கும் தெரியாது. என் பேய் மூன்றாம் பக்கத்தில் வந்து ஐந்தாம் பக்கத்தில் போய்விடும். இன்னொன்றும் உண்டு. செத்தவர்கள் திரும்பி வருவது பேய்க்கதையில் மட்டும்தான். அதை நான் எவரிடமும் சொல்லவில்லை.

என் எழுத்து கரும்பலகைக்குத்தான் சரி, தாளில் கோழி கிளறியதுபோல இருக்கும். கணவரின் எழுத்து அச்சுப் போல. அதனால் என் கதைகளை அவர்தான் படியெடுத்துச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். எடுத்து எழுதும்போது நக்கலும் அடிப்பார். "பேய்க்குக் கால் இல்லையெண்டு மேலை எழுதியிருக்கிறீர். பிறகு அது என்னெண்டு படி ஏறினது, கணக்கு ரீச்சர்?" மகன் போன பிறகு அவர் சிரித்தது அந்த மேசையில்தான். அதற்காகவே சில பிழைகளை வேண்டுமென்றே விட்டதுண்டு.

அப்படி ஒன்றரை வருடம் போனது. பிறகு நான் எட்டுச்செலவுக் கதையை எழுதினேன்.

அதில் ஒரு தாய் இறந்த மகனுக்குப் படைக்கிறாள். நண்டுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், மேலே சீனி தூவிய முட்டைப் பொரியல். முட்டைப் பொரியலுக்குச் சீனி தூவித் தின்கிற பைத்தியக்காரன் உலகத்தில் எங்கள் மகன் ஒருவன்தான். கதவைச் சாத்துகிறாள். உள்ளே இலை சரசரக்கிறது. பொறுக்க முடியாமல் நேரத்துக்கு முன்பே கதவைத் திறந்துவிடுகிறாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "ஏன் அம்மா திறந்தனீங்கள்?" என்று கேட்கிறான். அதற்குப் பிறகு அவன் வருவதே இல்லை.

இது வெறும் கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வாயால் சொல்லத் துணிவில்லாததைத் தாளில் எழுதி, அவர் கையாலேயே படியெடுக்க வைத்தேன். அதைவிடக் கொடுமையான வேலை எதையும் நான் செய்ததில்லை. மூன்று நாள் மேசையில் இருந்து எழுதினார். நக்கல் எதுவும் வரவில்லை. நாலாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பத்திரிகை வந்த அன்று பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன ரீச்சர், இந்தமுறை பேய் வரேல்லை?" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவளிடமே பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். தாய் கதவைச் சாத்துகிற வரைக்கும் என் கதை. அதற்குப் பிறகு படலையடியில் சத்தம் கேட்கிறது. மகன் உடுப்பெல்லாம் நனைந்து வந்து நிற்கிறான், உயிரோடு. "ஆருக்கு அம்மா இவ்வளவு சமையல்?" என்று கேட்டு, அறைக்குள் போய், தனக்குப் படைத்ததைத் தானே இருந்து சாப்பிடுகிறான். கடைசி வரியில் தாய் இன்னொரு முட்டை பொரிக்கப் போகிறாள்.

என் பெயரைப் போட்டு இப்படி ஒரு முடிவா! எழுத்துக்காரியின் ஆணவம் அந்த வயதிலும் வந்துவிட்டது, பாருங்கள். பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். கணவர் மிளகாய்க் கன்றுகளுக்கு வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார்.

"ஆர் உங்களை முடிவை மாத்தச் சொன்னது?"

அவர் மறுக்கவில்லை. "நாலு தரம் எழுதிப் பாத்தன். அந்த இடத்துக்கு வந்தவுடனை கை ஓடேல்லை."

"அது கதையப்பா. வெறும் கதை."

"சீனி போட்ட முட்டைப் பொரியல் எண்டு எழுதியிருக்கிறீர்." வாளியை நிலத்தில் வைத்தார். "ஆரோ ஒருத்தன்ரை கதையெண்டால் நான் எழுதிக் குடுத்திருப்பன். என்ரை பிள்ளையை இலைக்கு முன்னாலை பேயா இருத்திப்போட்டு, அதைப் பாத்து எழுதெண்டால் நான் என்னெண்டு எழுதிறது?"

அவருக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லும்" என்றார். "நீர் எப்ப அவனைக் கைவிட்டனீர்?"

அந்த மனிதனுக்கு அதற்கு மேலும் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "முதல் கதை எழுதின அண்டைக்கு" என்றேன்.

ஒன்றரை வருடத்தை அவர் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு வரம்பில் குந்தி, ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் தனியத்தான் அவன்ரை வழியைப் பாத்துக்கொண்டு இருந்தனான்."