ஆரல்வாய்மொழிக் காற்றில் பழகிய நடனம்

அந்தப் பாட்டு வெளியான வாரமே எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய போனில் ரிங்டோனாகிவிட்டது. கொரியாவில் ஐந்து பெண்கள் சேர்ந்த ஒரு குழு. ஆல்பம் எல்லாம் கிடையாது, ஒரே ஒரு பாட்டு. மூன்று நிமிடம்கூட ஓடாது, ஒரு வரி புரியாது. ஆனால் கோரஸுக்கு முன்னால் ஓர் இடம் இருக்கிறது பாருங்கள்! டிரம், பேஸ், குரல் எல்லாம் ஒரே வெட்டில் நின்றுவிடும். ஐந்து பேரும் ஒற்றைக் காலில் இடப்பக்கம் சாய்ந்து அப்படியே உறைந்து நிற்பார்கள். நமக்கு மூச்சு முட்டும். அப்புறம் மொத்தப் பாட்டும் தலைமேல் வந்து விழும். அந்த ஓர் இடத்துக்காகவே நான் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், பல் தேய்க்கும்போது.

கல்லூரி ஆண்டுவிழாவுக்கு இதைத்தான் ஆடுவது என்று முடிவு செய்தோம். நாங்களும் ஐந்து பேர். நடுவில் என் எதிர்வீட்டுக்காரி. சின்ன வயதிலிருந்தே என்னோடு ஒரே பஸ்ஸில் வருபவள். எங்களில் ஆடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மற்ற நாலு பேருக்கும் ஆசை மட்டும் இருந்தது.

அவளுக்கு இந்த மேடை வெறும் ஆண்டுவிழா மேடை இல்லை. நாகர்கோவிலில் சனிக்கிழமைதோறும் நடக்கும் டான்ஸ் கிளாஸில் சேர வேண்டும் என்று ஒரு வருடமாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தாரில் இருக்கும் அப்பா, "அம்மைக்கிட்ட கேளு மக்களே" என்று போனில் நழுவிவிடுவார். அம்மா நழுவுகிற ஆள் இல்லை.

"காலேஜுக்கு நானே வாறேன்" என்றார் அத்தை. அவள் அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். "மேடையில என்ன ஆடுகன்னு எனக்கக் கண்ணால பாக்கணும். பாத்துட்டுத்தான் கிளாசா, இல்ல இத்தோட முடிஞ்சான்னு சொல்லுவேன்."

"நல்லாத்தான் ஆடுவேம்மா."

"அத நான் சொல்லுகேன். நீ சொல்லாண்டாம்."

அவர்கள் வீட்டு மட்டுப்பாவில், அதாவது மொட்டைமாடியில், பயிற்சி தொடங்கியது. ஆடி மாதம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஆரல்வாய்மொழி இரண்டு மலைகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி. மேற்கிலிருந்து வருகிற காற்றுக்கு வேறு வழியே இல்லை, எங்கள் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். ஊரைச் சுற்றி இத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்தார்கள்? ஒவ்வொரு துணிக்கும் இரண்டு கிளிப் போடுவோம். அப்படியும் தலையணை உறை அடுத்த தெருவில் கிடக்கும்.

போனை ஒரு காலி அண்டாவுக்குள் வைத்துப் பாட்டைப் போட்டோம். அப்படியும் பாதிப் பாட்டைக் காற்று கொண்டுபோய்விடும். அதனால் எண்ணிக்கையைத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஆடினோம். அந்த நிறுத்தத்தில் இன்னும் அதிகமாகக் கத்துவோம். இடப்பக்கம்தான் மேற்கு. நான்கு நாளிலேயே எல்லாருக்கும் ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்க வந்துவிட்டது. கொரியாக்காரிகளைவிடவும் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்தோம். ஒருத்திகூடத் தள்ளாடவில்லை, அசையவில்லை. வீடியோ எடுத்துப் பார்த்து எங்களுக்கே பெருமை தாங்கவில்லை.

"மக்கா, நாமதான் ஒரிஜினல்" என்றேன் நான்.

"சும்மா இரிட்டி, கண்ணு பட்டிரும்" என்றாள் அவள்.

விழா அன்று அரங்கத்தின் கதவுகளையெல்லாம் சாத்தி, விளக்கை அணைத்து, மேடையில் மட்டும் வெளிச்சம் போட்டார்கள். அத்தை மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பாட்டு தொடங்கியது. அவ்வளவு பெரிய ஸ்பீக்கர்களில் அந்தப் பேஸை அன்றுதான் முதல்முறை முழுசாகக் கேட்டேன். கால்கள் தாமாகவே போயின. பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள். அந்த இடம் வந்தது. எல்லாம் வெட்டி நின்றது.

நிசப்தம். அந்த நிசப்தத்தில் நாங்கள் ஐந்து பேரும் "அஞ்சு! ஆறு! ஏழு! எட்டு!" என்று மீன் விற்கிற குரலில் அலறினோம். கூடவே ஒற்றைக் காலில் இடப்பக்கம் சாய்ந்தோம்.

சாய்ந்தோம், சாய்ந்துகொண்டே போனோம். வலது ஓரத்தில் நின்ற நான் பக்கத்தில் இருந்தவள்மேல் விழ, அவள் நடுவில் நின்றவள்மேல் விழ, வரிசையாக எல்லாரும் தரையில். அரங்கமே வெடித்துச் சிரித்தது. நான் குப்புறக் கிடந்தபடி ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தேன்: போச்சு, இவளுடைய கிளாஸ் போச்சு.

கோரஸ் வந்து விழுந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால், அவள் ஒரு முழங்காலில் நின்று கையை வீசுகிறாள். அடுத்த தாளத்தில் எழுந்துவிட்டாள். முடி அவிழ்ந்து முகமெல்லாம் கிடக்கிறது, ஒதுக்கக்கூட இல்லை. நாங்கள் தட்டுத்தடுமாறி எழுந்து சேர்ந்துகொள்வதற்குள் அவள் பாதிக் கோரஸைத் தனியாக ஆடி முடித்திருந்தாள். கடைசியில் கைதட்டல் நிறையவே வந்தது. ஆட்டத்துக்கா விழுந்ததற்கா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அத்தை சிரிக்கவும் இல்லை, கைதட்டவும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அத்தை, அவள், நான் மூன்று பேரும் ஒரே சீட்டில். அவள் நடுவில், முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பஸ் வெள்ளமடம் தாண்டியது.

"என்னட்டி, எல்லாரும் ஒரே பக்கமா விழுந்திய?" என்றார் அத்தை.

"தெரியலம்மா. அந்த எடத்துல சாஞ்சி நிக்கணும். வீட்டுல நல்லாத்தான நின்னோம்."

பஸ் தோவாளையைத் தாண்டியதும் காற்று ஜன்னலில் அறைந்தது. அத்தையின் முந்தானை பறந்து என் முகத்தில் விழுந்தது. அதை இழுத்துப் பிடித்தவர் கையை அப்படியே நிறுத்தினார்.

"ஏட்டி! மட்டுப்பாவுல உங்கள காத்துல்லா தாங்கியிருக்கு!"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"துணி காயப்போட ஏறினா நானே அப்படித்தான் சாஞ்சி நிப்பேன். காத்து நின்னா நானும் குப்புறத்தான் விழணும்." அரங்கத்தில் சிரிக்காத சிரிப்பையெல்லாம் அத்தை இப்போது சிரித்தார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு மலைக்கு நடுவுல பொறந்துட்டு, அது தெரியல பாரு! படிச்ச பிள்ளைய!"

அவளும் சிரித்தாள், பயந்துகொண்டே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தை கேட்டார்: "எல்லாரும் கிடக்கும்போ நீ மட்டும் எப்படி எந்திச்ச?"

"பாட்டு வந்துட்டும்மா."

அவ்வளவுதான் சொன்னாள். வேறு காரணம் அவளிடம் இல்லை. அத்தை அவள் முழங்கையைத் திருப்பிச் சிராய்ப்பைப் பார்த்தார், ஊதினார். தூரத்தில் முதல் காற்றாலை தெரிய ஆரம்பித்தது.

"அந்தக் கிளாசுல ஜன்னல் உண்டா?"

"உண்டும்மா."

"சனிக்கிழமை போனதும் முதல்ல அத அடைக்கச் சொல்லு."

அவள் என் தொடையில் கிள்ளினாள். கத்தாமல் வந்தேன்.